காணி வாங்கப் போகிறீர்களா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் காணிப் பத்திரங்களை எழுதும் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில், உறுதி எழுத வருபவர்களோடு முதலில் உட்கார்ந்து பேசுவது என் வேலை. ஆசிரியை, தாதி, கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த தம்பி, ஓய்வூதியப் பணம் கைக்கு வந்த ஐயா என்று யார் வந்தாலும் சந்தேகங்கள் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் பெரும்பாலானோர் முற்பணத்தைக் கொடுத்துவிட்டே கேட்க வருகிறார்கள். கொடுப்பதற்கு முன்பே படிக்கட்டும் என்று இதைத் தொகுத்தேன்.

விலை இறங்கிப் பணத்தை இழந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பத்திரம் சரியில்லாமல் இழந்தவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். அதனால் இங்கே பத்திரத்தைப் பற்றிய பேச்சே கூடுதலாக இருக்கும்.

கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. வங்கியில் போடுவதைவிடக் காணியில் போடுவது நல்லதுதானே?

அந்தப் பணம் அடுத்த ஐந்து வருடத்துக்குத் தேவைப்படாது என்றால் நல்லது. நிரந்தர வைப்பை அவசரத்துக்கு முறித்து எடுக்கலாம். காணியை அப்படி எடுக்க முடியாது. நல்ல காணிக்கும் வாங்குபவர் வர மாதங்கள் ஆகும். வைத்தியச் செலவுக்காக அவசரமாக விற்பவரின் முகத்தைப் பார்த்ததும் விலையைக் குறைப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

நகையை அடகு வைத்து வெறுங்காணி வாங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வெறுங்காணி மாதாமாதம் எதுவும் தராது. அடகு வட்டியோ ஒரு மாதமும் நிற்காது. கடன் எடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றால், வாடகையோ விளைச்சலோ தரும் ஒன்றுக்கு எடுங்கள்.

பேர்ச்சஸ், ரூட், ஏக்கர் என்று சொல்கிறார்கள். கணக்கு எப்படி?

ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ். ஒரு ரூட் 40 பேர்ச்சஸ். ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் விதிகள் நடக்கும் இடங்களில், வீடு கட்டும் துண்டு சாதாரணமாக 6 பேர்ச்சஸுக்குக் குறையக்கூடாது. வயலை இன்னும் விதைநெல் அளவான அவணக் கணக்கில் பேசுபவர்கள் இருக்கிறார்கள். பேச்சு எதுவாக இருந்தாலும் உறுதியிலும் நில அளவை வரைபடத்திலும் உள்ள அளவையே பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால், காசு கொடுக்கும் முன் அனுமதிபெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு அளந்து பாருங்கள்.

உறுதி இருக்கிறது என்கிறார். அது போதாதா?

எந்த உறுதி என்று கேளுங்கள். அறுதியாக விற்ற உறுதி ஒன்று. பெற்றோர் பிள்ளைக்கு எழுதிய நன்கொடை உறுதி, சீதன உறுதி இன்னொன்று. ஈட்டுறுதி என்பது கடனுக்குக் காணியைப் பிணை வைத்த பத்திரம். அதை வைத்திருப்பவர் காணியின் சொந்தக்காரர் அல்ல. காசைத் திருப்பிக் கொடுத்தால் காணியை மீட்டுக்கொள்ளலாம் என்று நிபந்தனையோடு எழுதிய உறுதிகளும் உண்டு. இவை எல்லாவற்றையும் ஊரில் ‘உறுதி’ என்ற ஒரே சொல்லால்தான் சொல்கிறார்கள்.

இவற்றுக்கு வெளியே அரச காணிக்கான அனுமதிப்பத்திரமும் அளிப்புப் பத்திரமும் இருக்கின்றன. நம் இரண்டு மாவட்டங்களிலும், குறிப்பாக வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் குடியேற்றத் திட்டங்களிலும், இவைதான் மிக அதிகம். அதனால் அதற்குத் தனிக் கேள்வி.

பெர்மிட் (அனுமதிப்பத்திர) காணி பாதி விலைக்கு வருகிறது. எல்லோரும் வாங்குகிறார்கள். நானும் வாங்கலாமா?

வேண்டாம். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரம், காணியைப் பயிர்செய்து குடியிருக்கத் தந்த உரிமை. காணி அரசாங்கத்தினுடையதாகவே இருக்கிறது. அளிப்புப் பத்திரமாக இருந்தாலும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன்னனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. சுவர்ணபூமி, ஜயபூமி என்று அளிப்புப் பத்திரத்தின் பெயர் அழகாக இருப்பதைப் பார்த்து இதை மறந்துவிடாதீர்கள். அனுமதியின்றிச் செய்த கைமாற்றம் சட்டத்தின் முன் செல்லாது.

அப்படியானால் எல்லோரும் எதை வாங்குகிறார்கள்? ஒரு கடுதாசியில் ‘இன்ன தொகை பெற்றுக்கொண்டு கையளித்தேன்’ என்று எழுதி, கிராமத்தில் இரண்டு பேரின் கையெழுத்தோடு வாங்குகிறார்கள். பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்வரை சத்தமில்லை. அவர் இறந்ததும் பின்னுரிமையாளராகப் பெயர் போட்ட பிள்ளை பிரதேச செயலகத்துக்குப் போகிறார். வாங்கியவர் கட்டிய வீட்டுக்கு முன்னால் நின்று வழக்குப் பேச வேண்டியிருக்கிறது. 2024இல் அரச காணிக்கு முழு உரித்து வழங்கும் ‘உறுமய’ திட்டம் தொடங்கிய பிறகு, ‘நாளைக்கே முழு உரித்து வந்துவிடும்’ என்று சொல்லி விற்க வருபவர்களும் இருக்கிறார்கள். வந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

காணிப் பதிவகத்துக்குப் போய் என்ன பார்க்க வேண்டும்?

விற்பவரிடம் உறுதியின் பிரதி ஒன்றை வாங்குங்கள். அதில் பதிவகத்தின் முத்திரைக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தும் சாய்கோட்டால் பிரித்த எண்களும் இருக்கும். பதிவேட்டின் எந்தப் பாகத்தில் எந்தப் பக்கத்தில் அந்தக் காணி இருக்கிறது என்பதை அது காட்டும். அந்தப் பக்கத்தை எடுத்து, குறைந்தது முப்பது வருடத்துக்குப் பின்னோக்கிப் போங்கள். யாரிடமிருந்து யாருக்கு, எந்த உறுதியால், எந்தத் திகதியில் என்று ஒரு சங்கிலி கிடைக்கும். இடையில் ஒரு கண்ணி காணாமல் போயிருந்தால் அங்கேயே நில்லுங்கள். ஈடு தீர்க்கப்படாமல் இருக்கிறதா, நிலுவையில் உள்ள வழக்கு பதியப்பட்டிருக்கிறதா, யாராவது எச்சரிக்கைப் பதிவு போட்டிருக்கிறார்களா என்பதும் அதே பக்கத்தில் தெரியும்.

பலர் செய்யாத ஒன்று இருக்கிறது. நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதிக்கும் இரண்டாம் பிரதி ஒன்று அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்குப் போக வேண்டும். விற்பவர் காட்டும் உறுதியை அந்தப் பிரதியோடு வைத்துப் பாருங்கள். கையெழுத்து, சாட்சிகளின் பெயர், அட்டவணையில் உள்ள நான்கு எல்லைகள், அளவு எல்லாம் ஒத்துவர வேண்டும். கள்ள உறுதி பெரும்பாலும் இந்த ஒப்பீட்டில்தான் பிடிபடுகிறது. விற்பவரின் நொத்தாரிசையே நீங்களும் பிடிக்காதீர்கள். உங்களுக்கென்று ஒருவரை வைத்து உரிமை வரலாற்றை எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு காணிக்குப் போய் அக்கம்பக்கத்து வளவுக்காரரோடு பேசுங்கள். பழைய உறுதிகளில் எல்லை ‘கிழக்கு: இன்னாரின் வளவு’ என்றே இருக்கும். அந்த இன்னாரின் பேரன் இன்று வேலியை எங்கே போட்டிருக்கிறார் என்பதைப் பதிவேடு சொல்லாது.

முற்பணம் கொடுத்து முத்திரை ஒட்டிய கடுதாசியில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். இனி அவர் மாற முடியாதுதானே?

மாற முடியும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். உங்கள் கடுதாசியை வைத்துக் காசைத் திருப்பிக் கேட்கலாம். காணியைத் தா என்று நீதிமன்றத்தில் நிற்க முடியாது.

ஆகவே முற்பணம் கொடுக்கும் நாளிலேயே நொத்தாரிசு எழுதிய விற்பனை உடன்படிக்கை வேண்டும். மிகுதித் தொகை, கடைசித் திகதி, யார் பின்வாங்கினால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காசை வங்கி வழியாகக் கொடுங்கள்.

விலைக்கு மேல் வேறு என்ன செலவு வரும்?

முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், அதற்கு மேற்பட்ட தொகைக்கு 4 வீதம். 50 இலட்சத்துக் காணி என்றால் 1,99,000 ரூபாய். இதற்கு மேல் நொத்தாரிசுக் கட்டணம், நில அளவைச் செலவு, பதிவகத் தேடுதல், தரகுக்கூலி. தரகுக்கூலியை முதல் நாளே பேசி முடியுங்கள். உறுதி எழுதும் நாளில் அலுவலக வாசலில் நின்று கூலிக்குச் சண்டை பிடிப்பதைப் பார்க்கவே மனம் வருந்துகிறது.

பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதிய வீடு விலைக்கு வருகிறது. அம்மா அதே வீட்டில் இருக்கிறார். சிக்கல் உண்டா?

இருக்கலாம். நம் பக்கத்தில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடுவளவு பெண்பிள்ளைக்குப் போவதே வழக்கம். எழுதும்போது பெற்றோர் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை, தங்களுக்கு வைத்துக்கொள்வார்கள். அது இருக்கும்வரை மகள் விற்றாலும் தாயை வீட்டைவிட்டு எழுப்ப முடியாது. தாயும் உறுதியில் கையொப்பமிட்டுத் தன் உரித்தை விட்டுக்கொடுத்தால்தான் உங்களுக்கு முழுமையாகக் கிடைக்கும். அந்த அம்மா போய் இருக்கப்போகும் இடம் எது என்று கேளுங்கள். பதில் தெளிவில்லை என்றால் வாங்காதீர்கள். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்து உறவினர் சொல்லும் ஆலோசனையை அப்படியே எடுக்கவும் வேண்டாம். அங்கே யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மனைவி தன் காணியை விற்கக் கணவரின் சம்மதம் வேண்டும். பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமையும் உண்டு. மட்டக்களப்புத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தாது. இங்கே பொதுச்சட்டம்தான். முஸ்லிம்களின் வாரிசுரிமை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே இஸ்லாமிய முறைப்படி பிரியும். விற்பவர் யார் என்பதைப் பொறுத்துக் கையெழுத்துப் போட வேண்டியவர்களின் பட்டியல் மாறும்.

அப்பா இறந்துவிட்டார், ஐந்து பிள்ளைகள். மூத்தவர் தன் பங்கை விற்கிறார். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் உங்களுக்குக் கிடைப்பது பிரிபடாத பங்கு. கிணறு இருக்கும் மூலை உங்களுடையது என்று எந்தப் பத்திரமும் சொல்லாது. பொதுச்சட்டப்படி மனைவிக்குப் பாதி, மிச்சப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். அதாவது தாய் உயிரோடு இருந்தால் மூத்தவரின் பங்கு ஐந்தில் ஒன்று அல்ல, பத்தில் ஒன்று. இந்தக் கணக்கையே தெரியாமல் பேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லோரும் சேர்ந்து நொத்தாரிசு முன் பிரித்து எழுதினால் நல்லது. ஒருவர் மறுத்தால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றம்தான். அது நீளும். முதல் காணியாக இப்படிப்பட்டதை எடுக்காதீர்கள்.

ரோட்டோரத்தில் வயல் மலிவு. மண் போட்டு நிரப்பி வீடு கட்டி விற்றால் நல்ல இலாபம் என்கிறார்களே?

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயலை நிரப்பவோ வேறு தேவைக்குப் பயன்படுத்தவோ கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். ‘பக்கத்துக்காரர் நிரப்பினார், யாரும் கேட்கவில்லை’ என்பது அனுமதி அல்ல. அனுமதி இல்லாமல் பிரதேச சபை கட்டட வரைபடத்தை ஏற்காது. வங்கியும் கடன் தராது.

என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், ஒரு துண்டை நிரப்பினால் மேலே உள்ளவரின் வயலில் தண்ணீர் வடியாது. கீழே உள்ளவருக்குத் தண்ணீர் போகாது. உங்கள் ஒரு வீட்டுக்காக நான்கு பேரின் பெரும்போகம் அழிவதை ஏற்க முடியாது.

அப்படியானால் வயலை வயலாகவே வாங்கலாமா?

தாராளமாக. விதைக்கத் தெரியாவிட்டாலும் போகக் குத்தகைக்குக் கொடுக்கலாம். வாங்கும் முன் மூன்று விடயங்களை, வயல்வெளியின் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானையிடம் கேளுங்கள்: சிறுபோகத்துக்குத் தண்ணீர் வருமா, வாய்க்காலின் தலையில் இருக்கிறதா கடைசியில் இருக்கிறதா, இப்போது செய்பவர் யார். மூன்றாவதுதான் முக்கியம். கமநல சேவை நிலையத்தின் பதிவில் குத்தகை விவசாயியாக ஒருவர் இருந்தால், காணி கைமாறினாலும் அவரது உரிமை தொடரும். உறுதி உங்கள் பெயரில் இருந்தும் வயலுக்குள் இறங்க முடியாத நிலை வரும்.

உன்னிச்சை, நவகிரி போன்ற பெரிய குளங்களின் பாசனத்தில் உள்ள வயலுக்கும் மானாவாரி வயலுக்கும் குத்தகையில் பெரிய வித்தியாசம் உண்டு. மானாவாரியில் ஒரு போகத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போடுங்கள்.

பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் கடற்கரைக் காணி வாங்கி விடுதி போட ஆசை. எப்படித் தொடங்குவது?

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர் நீர்க்கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர்வரை கரையோர வலயம். கடலோடு சேரும் ஆறு, வாவிகளில் வாயிலிருந்து 2 கிலோமீற்றர் உள்ளே போகும். அதற்குள் எதைக் கட்டவும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கடலிலிருந்து எவ்வளவு விட்டுக் கட்ட வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். குறித்த காணியின் வரைபடத்தோடு போய் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்கில் 200 மீற்றருக்குக் கட்டடம் கூடாது என்று அரசு அறிவித்ததும், பின்னர் அது தளர்ந்ததும் கல்லடி, நாவலடி, மருதமுனைப் பக்கத்தவர்களுக்கு மறக்காது. அந்தக் காலத்தில் கைவிட்டுப் போன துண்டுகளுக்கு இன்று இரண்டு, மூன்று உரிமைகோரல்கள் இருக்கலாம். ஒலுவில் பக்கத்தில் கடலரிப்பால் கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்பதையும் நேரில் போய்ப் பாருங்கள். வரைபடத்தில் உள்ள துண்டின் ஒரு பகுதி தண்ணீருக்குள் இருக்கக்கூடும்.

வருமானத்தையும் நிதானமாகக் கணக்கிடுங்கள். அறுகம்பையில் அலைச்சறுக்குக் காலம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை. மீதி மாதங்களுக்கும் காவலாளிக்குச் சம்பளம் உண்டு.

காணியைப் பார்க்க எந்த மாதம் நல்லது?

மார்கழி. வைகாசியில் எல்லாக் காணியும் மேட்டுக்காணிதான். வடகீழ்ப் பருவமழையில் வாவி நிரம்பி முகத்துவாரம் வெட்டும் நாட்களில் போனால் உண்மை தெரியும். அப்போது போக முடியாவிட்டால் அயல்வீட்டுச் சுவரில் பழைய நீர்க்கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 2011 சனவரி வெள்ளத்தில் இந்த வீதியில் தண்ணீர் எங்கே நின்றது என்று வீட்டுக்காரம்மாவிடம் கேளுங்கள். கையை வைத்தே காட்டுவார். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தும் பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் ஒரு வளவில் நல்ல தண்ணீரும் அடுத்ததில் உவரும் இருக்கும்.

வாடகைக்கு விடுவதற்கு எந்த இடம்?

நிலையான வேலை இருக்கும் இடத்தைச் சுற்றி. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், மட்டக்களப்பு நகரில் போதனா வைத்தியசாலை. மாணவர் அறை என்றால் விடுமுறை மாதங்களில் காலியாகக் கிடக்கும் என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் முற்பணக் கேள்வியில் சொன்ன 1840 சட்டத்துக்குள்தான் வருகிறது. நொத்தாரிசு எழுதிய உடன்படிக்கை இருந்தால்தான், காலம் முடிந்தும் எழும்பாத வாடகைக்காரரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் உதவும்.

அண்ணன் சுவிஸில் பிரஜாவுரிமை எடுத்துவிட்டார். அவர் பணம் அனுப்புகிறார், யார் பெயரில் எழுதுவது?

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணியை விற்க முடியாது. இலங்கைப் பிரஜாவுரிமை போய்விட்டால் உங்கள் அண்ணனும் வெளிநாட்டவர்தான். இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்திருந்தால் தடையில்லை. குத்தகைக்கு எடுக்கலாம், அதிகபட்சம் 99 வருடம். நெருங்கிய உறவினரிடமிருந்து வாரிசாக வருவதற்கும் விலக்கு உண்டு.

பணம் அவருடையது, பெயர் தம்பியுடையது என்று எழுதினால் காணி தம்பியுடையது. தம்பிக்குப் பிறகு தம்பியின் மனைவி பிள்ளைகளுடையது. இதை அண்ணனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாசத்தில் தொடங்கிய எத்தனையோ குடும்பங்கள் இந்த இடத்தில்தான் பேச்சை நிறுத்தியிருக்கின்றன. இரட்டைப் பிரஜாவுரிமை வரும்வரை காத்திருப்பதே என் ஆலோசனை.

இன்னும் இலங்கைப் பிரஜையாக இருப்பவர் வெளிநாட்டிலிருந்து வாங்க அற்றோணித் தத்துவம் (தனக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பலாம். அதே முறையில் விற்பவரிடம் நீங்கள் வாங்கினால், தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று காணொளி அழைப்பிலாவது பார்த்துப் பேசுங்கள். அவர் இறந்ததும் தத்துவமும் முடிந்துவிடும். அதன் பிறகு எழுதிய உறுதி நிற்காது.

பத்து வருடம் இருந்தால் காணி சொந்தமாகிவிடுமாம். உறுதி இல்லாமல் ஆட்சி மட்டும் இருப்பவரிடம் வாங்கலாமா?

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் பத்து வருடம் இருக்கிறது. ஆனால் சொந்தக்காரருக்கு எதிராக, இடையூறின்றி இருந்ததாக நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். வாடகைக்கு இருந்தவர், பார்த்துக்கொள்ளச் சொல்லி இருந்தவர், கூட்டுப் பங்காளி ஆகியோருக்கு அது எளிதில் கிடைக்காது. அரச காணிக்குப் பத்து வருடக் கணக்கே பொருந்தாது.

போரில் இடம்பெயர்ந்தவர்களின் காணி என்றால் இன்னும் கவனம். இடம்பெயர்ந்திருந்த காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கென்றே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. விரட்டப்பட்டவரின் வளவை, அவர் இல்லாததால் மலிவாக வாங்குவது எனக்கு ஏற்புடையது அல்ல. சட்டம் இடம் கொடுத்தாலும் அந்தக் காணியில் நிம்மதியாகக் குடியிருக்க முடியாது.

உறுதியில் விலையைக் குறைத்துப் போட்டால் முத்திரைச் செலவு மிச்சம் என்கிறார் தரகர்.

அரசின் மதிப்பீட்டாளர் தன் பெறுமதியைப் போட்டால் மிச்சத் தீர்வையைக் கேட்டு கடிதம் வரும். பிறகு நீங்கள் விற்கும்போது மூலதன ஆதாய வரி இருக்கிறது. 2018 ஏப்ரல் முதல் அது மீண்டும் நடைமுறையில் உள்ளது. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையில்தான் அந்தக் கணக்கு. 2017 செப்டம்பர் 30இல் கையில் இருந்த காணிக்கு அன்றைய சந்தைப் பெறுமதி எடுபடும். இன்று குறைத்து எழுதினால், அன்று இல்லாத இலாபத்துக்கு வரி கட்டுவீர்கள். விற்பனை முறிந்து வழக்கானாலும் உறுதியில் உள்ள தொகைதான் முதலில் பேசும்.

உறுதி எழுதியாயிற்று. இனி என்ன?

உடனே பதிவகத்தில் பதியப்பட்டதா என்று பாருங்கள். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, அதே காணியைப் பின்னால் விலைக்கு வாங்கியவர் உங்களுக்கு முன் பதிந்துவிட்டால் அவர் முந்திக்கொள்வார். பதிவு எண்ணோடு உறுதி கைக்கு வரும்வரை நொத்தாரிசை விடாமல் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

பிறகு உள்ளூராட்சிச் சபையில் சோலைவரிப் (ஆதன வரிப்) பெயரை மாற்றுங்கள். எல்லைக் கற்களை நில அளவையாளரைக் கொண்டு போட்டு, அயலவர்களை நிற்க வைத்துப் படம் எடுங்கள். கம்பி வேலி போடுங்கள். வெளியூரில் இருப்பவர் என்றால் காணியைப் பார்த்துக்கொள்பவருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, அவர் உங்கள் அனுமதியோடுதான் அங்கே இருக்கிறார் என்று அதில் கையெழுத்து வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, முடிந்தால் மழைக்காலத்தில், நீங்களே போய் நான்கு மூலையும் நடந்து பார்த்து வாருங்கள்.